சாவி தொலைந்த பீரோ

ஒரு சங்கத்துக்கு நூறு வயதாகிவிட்டால் அதன் பழைய கணக்குப் புத்தகங்களுக்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று கரையான். மற்றது நூற்றாண்டு விழாக் குழு. கரையான் மேல் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. அது நிதானமாகத் தின்னும். தின்றதைப் பற்றி மலர் வெளியிடாது. தின்று முடித்த பிறகு மேடையேறிப் பொன்னாடை போர்த்திக்கொள்ளாது.

நான் எழுத்தராகச் சேர்ந்து, செயலாளருக்கு அடுத்த நாற்காலி வரை வந்து ஓய்வுபெற்றது காவிரிக் கரையில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில். பெயர் வேண்டாம், அங்கிருந்து எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி வர வேண்டியிருக்கிறது. இந்தியாவின் முதல் கூட்டுறவுச் சட்டம் 1904-ல் வந்தது. அந்த வருடமே காஞ்சிபுரத்தில் ஒரு நகரக் கடன் சங்கம் பதிவாகிவிட்டது. கடன் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. 1912-ல் இரண்டாவது சட்டம் வந்து மற்ற வகைச் சங்கங்களுக்கும் கதவைத் திறந்தது. எங்கள் ஊர் வக்கீல்கள் சிலரும் பள்ளிக்கூட வாத்தியார்கள் சிலரும், கடைத்தெருவில் ஓர் அரிசி வியாபாரி மேல் இருந்த கோபத்தில், 1914-ல் சங்கம் தொடங்கினார்கள். அந்தக் கோபம் முதல் தீர்மானப் புத்தகத்தில் மிக நாகரிகமான ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கிறது. வியாபாரியின் பெயர் மட்டும் இல்லை. வக்கீல்கள் அல்லவா.

1979-ல் நான் சேர்ந்தபோது 'ரிக்கார்டு ரூம்' என்று பலகை மாட்டிய அறையில் பாதி இடம் மிளகாய் மூட்டைகளுக்கு. மீதியில் மர அலமாரிகள், அவற்றில் காடாத் துணியில் கட்டிய கட்டுகள். பங்குப் பேரேடு, ரொக்கப் புத்தகம், சரக்கு இருப்புப் பதிவேடு, உறுப்பினர் விண்ணப்பங்கள், யுத்த காலத்து அரிசி, மண்ணெண்ணெய், சர்க்கரை ரேஷன் பதிவுகள். உள்ளே நுழைந்தால் தும்மல் நிச்சயம். அது தூசியாலா மிளகாயாலா என்பது கடைசி வரை முடிவாகவில்லை.

அறைக்குப் பொறுப்பாக ஒரு பெரியவர் இருந்தார். ரிக்கார்டு கீப்பர் என்ற பதவி சங்கத்தின் பணியிடப் பட்டியலில் கிடையாது. ஆகவே சம்பளப் பட்டியலில் அவர் எடை போடும் ஆள். எடை போடுகிறவரின் சம்பளத்தில் ஒரு சங்கத்தின் வரலாறு முப்பது வருடத்துக்கு மேல் காப்பாற்றப்பட்டது. இதைவிடக் குறைந்த செலவில் யாரும் ஆவணக் காப்பகம் நடத்தியிருப்பார்களா என்று தெரியவில்லை. மிளகாய் நெடிக்குப் பூச்சி அண்டாது என்பது அவருடைய கொள்கை. அதற்கு மேல் வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை, அந்துருண்டை. ராமபாணப் பூச்சி எந்தக் கட்டில் எந்த மூலையில் தலைகாட்டியது என்பதை வீட்டுக்கு வந்து போன விருந்தாளிகளைச் சொல்வதுபோல் சொல்வார்.

அந்துருண்டைக்கு ஒரு வருடம் தணிக்கை ஆட்சேபணை வந்தது. அந்துருண்டை என்பது விற்பனைச் சரக்கா, அலுவலகச் செலவா? சரக்கு என்றால் விற்பனைக் கணக்கு எங்கே? செலவு என்றால் எந்தத் தலைப்பில்? இயக்குநர் குழுவின் தீர்மான எண் என்ன? தொகை அன்றைய கணக்கில் இரண்டு பேர் சினிமா பார்க்கும் காசு. அதற்கு விளக்கம் எழுதி, விளக்கத்துக்கு மேல்விளக்கம் எழுதி, ஒரு கோப்பே உருவாகிவிட்டது. அந்தக் கோப்பையும் பூச்சி அரிக்காமல் இருக்க அந்துருண்டை வைக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

பெரியவர் அலட்டிக்கொள்ளவில்லை. "தம்பி, இந்த ஆடிட்டருங்க கை வைக்காத தலைப்பு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றார். பூஜைச் செலவு. அதன் பிறகு காடாத் துணி, சணல் கயிறு, வசம்பு, அந்துருண்டை, தூசி தட்ட வரும் இரண்டு ஆட்களின் கூலி எல்லாமே ஆயுத பூஜைக் கணக்கில் அடங்கின. கடலையும் பொரியும் எவ்வளவு வாங்கினார்கள் என்று எந்தத் தணிக்கையாளரும் கேட்டதில்லை. பூஜைக்கு முந்தின நாள் எல்லாக் கட்டுகளும் வெளியே வரும். பிரித்து, தட்டி, தாழ்வாரத்து நிழலில் காற்றாட வைத்து, மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி கட்டுவார்கள். 1914 பேரேட்டின் தோல் அட்டையில் அறுபது எழுபது வருடச் சந்தனம் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. ஆவணப் பாதுகாப்பில் பட்டம் பெற்றவர் யாராவது பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கட்டையும் ஒரு மனிதர் தன் கையால் பிரித்துப் பார்த்தார். இன்றைக்கு ஏசி போட்ட எத்தனை காப்பகங்கள் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

சங்கத்தின் காகிதங்கள் பிழைத்ததற்கு இன்னொரு காரணம் சோம்பல். அரசு அலுவலக நடைமுறையில் முடிந்துபோன ஒவ்வொரு கோப்புக்கும் ஆயுள் குறிப்பார்கள். ஓ.மு. என்றால் ஒரு வருடம், மூ.மு. மூன்று வருடம், ப.மு. பத்து வருடம், நி.மு. என்றால் சாகாவரம். எங்கள் சங்கமும் இலாகாவைப் பார்த்து இந்த முத்திரைகளைக் குத்தியது. ஆனால் ஓ.மு. கோப்பை ஒரு வருடம் கழித்து அழிக்க வேண்டும் என்றால் பட்டியல் போட வேண்டும், பட்டியலை மேலே அனுப்ப வேண்டும், உத்தரவு வர வேண்டும், சாட்சி வைத்து எரிக்க வேண்டும், எரித்ததற்குச் சான்று எழுத வேண்டும். அந்தச் சான்று நி.மு. இவ்வளவு வேலைக்குப் பயந்து எல்லாக் கோப்புகளும் சாகாவரம் பெற்றன. நம் நாட்டில் ஆவணங்களை எப்படி அழிப்பது என்பதற்கு 1917-லேயே சட்டம் வந்துவிட்டது. பொது ஆவணங்களை எப்படிக் காப்பது என்று மத்திய அரசு சட்டம் இயற்றியது 1993-ல். இடையில் எழுபத்தாறு வருடம் நம்மைக் காப்பாற்றியது குமாஸ்தாக்களின் சோம்பல்தான் என்பது என் துணிபு.

அந்தக் கட்டுகளை எப்படிப் படிப்பது என்பதும் பெரியவருக்குத்தான் தெரியும். 1942 ஆகஸ்டு, செப்டம்பர் தீர்மானப் பக்கங்களை ஒருமுறை காட்டினார். நாடே கொந்தளித்த மாதங்கள். எங்கள் புத்தகத்தில் மாதத்துக்கு இரண்டு வரி: இயக்குநர்கள் மூவர் வெளியூர் சென்றிருப்பதால் கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வளவுதான். அடுத்த வருடமும் அதே மூவர் வெளியூரிலேயே இருந்தார்கள். "எந்த வெளியூர் ஐயா?" என்றேன். "வேலூர் ஜெயில்" என்றார். சங்கத்தைக் கலைத்துவிடுவார்களோ என்று பயந்து அன்றைய எழுத்தர் அப்படி எழுதினாராம். பக்கத்தில் இருந்த சரக்குப் பதிவேட்டில் இன்னொரு வரியைக் காட்டினார். அந்த மூன்று வீடுகளுக்கும் மாதா மாதம் அரிசி போயிருக்கிறது. பாக்கி வசூலிக்கப்படவே இல்லை. நாற்பத்தெட்டில் 'வாராக் கடன்' என்று ஒரு கோடு. தீர்மானப் புத்தகம் தனியாக இருந்தால் அது சோம்பேறி இயக்குநர்களின் கதை. சரக்குப் பதிவேடு கூட இருந்தால்தான் அது ஓர் ஊரின் கதை.

பெரியவர் எண்பதுகளின் கடைசியில் ஓய்வு பெற்றார். எடை போடும் ஆள் பணியிடத்துக்கு எடை போடத் தெரிந்த ஒருவரையே நியமித்தார்கள். அதன் பிறகு வந்த இருபது வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபேக்ஸ் வந்தது, அதன் வழுவழுப்பான தாளில் வந்த முக்கியக் கடிதங்களெல்லாம் பத்து வருடத்தில் வெள்ளைத் தாளாகத் திரும்பிவிட்டன. ஃபிளாப்பி வந்து போனது. பழைய தாளின் குணமே வேறு என்பது அப்போதுதான் புரிந்தது. 1914 பேரேடு கந்தல் துணிக் கூழில் செய்த தாள், அப்போதும் வளைந்தது. மரக்கூழில் செய்த 1974-ஆம் வருடத்துத் தாளோ தன்னுள் இருந்த அமிலத்தாலேயே பழுத்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. தாத்தா திடமாக நின்றார், பேரன் படுத்த படுக்கை.

பிறகு 2014 வந்தது.

நூற்றாண்டு விழாவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வரலாறு நினைவுக்கு வந்தது. மலர் போட வேண்டும். மலருக்கு விளம்பரம் பிடிக்க வேண்டும். பின் அட்டை, உள் அட்டை, முழுப் பக்கம், அரைப் பக்கம் என்று கட்டண அட்டை தயாராகிவிட்டது. விளம்பரங்களுக்கு நடுவே வைக்க ஏதாவது வேண்டும் அல்லவா? "சார், பழைய போட்டோ ஏதாச்சும் இருக்கா? நல்ல கிளாரிட்டியா?" என்று விழாக் குழுத் தலைவர் கேட்டார். காந்தி நம் சங்கத்துக்கு வந்திருக்கிறாரா என்றும் கேட்டார். வரவில்லை என்றேன். பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறாரே, அது போதாதா என்றார்.

அந்த வருடம் இன்னொரு புதுமையும் சேர்ந்துகொண்டது. 2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள், முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எந்தப் பணிகள் என்று சொல்லும் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியம், கலை, பண்பாடு எல்லாம் உண்டு. முதல் வருடம், பணத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கம்பெனிகள் தவித்த நேரம். அப்படித் தவித்த ஒன்று, ஓர் அறக்கட்டளையின் வழியாக எங்களைக் கண்டுபிடித்தது. நூறு வருடமாகச் சில்லறைச் செலவிலும் பூஜைச் செலவிலும் பிழைத்த ரிக்கார்டு ரூமுக்கு லட்சக் கணக்கில் பணம் வந்தது. எனக்கே புல்லரித்தது.

அறக்கட்டளையிலிருந்து வந்த இளைஞர் நல்ல பையன். பார்த்த மாத்திரத்தில் "வாவ்" என்றார். எத்தனை பக்கம் இருக்கும் என்று கேட்டார். எண்ணியதில்லை என்றேன். "ஒரு லட்சம்னு போட்டுக்கலாமா சார்?" என்று மடிக்கணினியில் போட்டுக்கொண்டார். கண்காட்சிக் கூடம், கண்ணாடிப் பெட்டிகள், ஏசி, ஸ்கேனிங், கல்வெட்டு, திறப்பு விழா என்று பட்டியல் நீண்டது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள மாதச் சம்பளத்தில் ஓர் ஆள் போட்டால் என்ன என்று கேட்டேன். பையன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அது ரெக்கரிங் சார். ரெக்கரிங்குக்கு எங்ககிட்ட ஃபண்டு கிடையாது. கேப்பிட்டல் எவ்வளவு வேணா கேளுங்க."

ஸ்கேன் செய்யும் ஒப்பந்தக்காரருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பக்கக் கூலிக்காரர் பக்கத்தை எண்ணுவார், புத்தகத்தைப் பார்க்க மாட்டார். தைத்த புத்தகத்தை விரித்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தால் நேரமாகும் என்று, முதுகைக் கட்டிங் மிஷினில் கொடுத்து வெட்டி, உதிரித் தாளாக்கி, தாளை இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் விட்டார்கள். 1914 தாள் தாக்குப் பிடித்தது. 1974 தாள் உள்ளே போய் மாவாக வந்தது. மாவுக்குப் பக்கக் கூலி உண்டா என்று ஒரு சர்ச்சையும் நடந்தது. ரேஷன் பதிவேட்டில் தாளின் பின்புறம் பென்சிலில் குறிப்புகள் இருக்கும். பின்புறம் வெற்றுப் பக்கம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் அதை எடுக்கவில்லை. பதிவுச் சான்றிதழை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க வழி கிடையாது; இப்போது அதற்குள் கொப்புளம் கொப்புளமாகக் காற்று.

கூடம் திறந்த அன்று நல்ல கூட்டம். பித்தளைப் படி, மரக்கால், தராசு எல்லாம் பளபளவென்று கண்ணாடிக்குள். நடுவே முதல் தீர்மானப் புத்தகத்தின் பக்கம் என்று ஒன்று. அது யாரோ புதிதாக எழுதி, பழமையாகத் தெரிய ஓரத்தில் டீத் தண்ணீர் தடவியது. உண்மையான புத்தகம் கிடைக்கவில்லை, ஏன் என்பதற்கு வருகிறேன். ஏசிக்கு மட்டும் குறைச்சல் இல்லை. பகலில் ஓடும், மின்கட்டணத்துக்குத் தனித் தலைப்பு இல்லாததால் மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். காவிரிக் கரை ஈரம் இரவில் உள்ளே வந்து குளிர்ந்த கண்ணாடியில் வேர்க்கும். காகிதத்துக்கு ஒரே சீரான வெக்கைகூடப் பெரிய கெடுதலில்லை. இப்படித் தினமும் ஏறி இறங்கும் ஈரம்தான் எமன். மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடிப் பெட்டிகளில் பூஞ்சணம். மிளகாய் மூட்டை இருந்த காலத்தில் பார்க்காத பூஞ்சணம்.

ஸ்கேன் ஆனவற்றை ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு, மேடையில் முக்கிய விருந்தினர் கையால் தலைவரிடம் கொடுத்தார்கள். வாங்கிய கையோடு அலமாரியில் பூட்டினார்கள். ஒரே பிரதி. கோப்புகளின் பெயர் ஸ்கேன் ஒன்று, ஸ்கேன் இரண்டு, ஸ்கேன் மூன்று என்று ஆயிரக் கணக்கில். எது பேரேடு, எது ரசீது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இனி அசல் எதற்கு? ரிக்கார்டு ரூம் தெருவைப் பார்த்த அறை, செல்போன் கடைக்கு வாடகைக்கு விடலாம் என்று ஏற்கெனவே ஒருவருக்குத் தோன்றியிருந்தது. வெட்டிய உதிரித் தாள்களும் வெட்டாத கட்டுகளும் டெம்போவில் ஏறிப் பழைய பேப்பர் கடைக்குப் போயின. 'பழைய தாள் விற்பனை' என்று முறைப்படி வரவு வைத்தார்கள். சங்கத்தின் ஆவணங்கள் நூறு வருடத்தில் ஈட்டிக்கொடுத்த ஒரே வருமானம் அது. நான்கு வருடம் கழித்து யாரோ பாட்டனாரின் பங்குக் கணக்கு கேட்டு வந்தபோது ஹார்டு டிஸ்கை எடுத்து மாட்டினார்கள். டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது.

இதில் எங்கள் சங்கம் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, அந்தக் கோயிலில் இருந்த பழைய சுவடிகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து அக்கினியில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அன்று சாஸ்திரம், இன்று டெக்னாலஜி. இரண்டிலும் செய்தவர்களுக்குப் புண்ணியம் சேர்ந்தது. தமிழ் பேசிய முதல் படம் என்று நாம் கொண்டாடும் 1931-ன் 'காளிதாஸ்' படத்துக்கு ஒரு பிரதிகூட மிச்சமில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான். அதற்குள் எத்தனையோ படச்சுருள்கள், அவற்றில் இருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டிருந்தன. எங்கள் பேரேடுகளில் வெள்ளி இல்லை, அதனால் கிலோ கணக்கில் போயின.

எல்லோரும் இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. ஓய்வுக்குப் பிறகு சென்னையில் தரமணிக்குப் போய் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் பார்த்தேன். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த, பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்த முத்தையா செட்டியார், புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சேர்த்துச் சேர்த்து ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். யாரும் அவருக்குத் திட்ட அறிக்கை எழுதிக்கொடுக்கவில்லை. 1992-ல் அவர் காலமான பிறகு அதைச் சிதறாமல் வாங்கிக் காப்பாற்றப் பணம் கொடுத்தது சிகாகோ பல்கலைக்கழகம். கோட்டையூருக்கும் சிகாகோவுக்கும் நடுவே நாம் இத்தனை கோடிப் பேர் இருந்தோம் என்பதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அங்கே எனக்குப் பிடித்தது வேறொன்று. கண்ணாடிப் பெட்டியில் இருந்து தொடங்காமல், பட்டியல் போடுவதிலும் மைக்ரோஃபிலிம் எடுப்பதிலும் தொடங்கினார்கள். மைக்ரோஃபிலிம் என்றால் இன்றைய பையன்கள் சிரிப்பார்கள். முறையாக வைத்தால் அது ஐந்நூறு வருடம் தாங்கும் என்பது கணக்கு. படிக்க ஒரு விளக்கும் ஒரு லென்ஸும் போதும். ஹார்டு டிஸ்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். திரும்பவும் ரெக்கரிங்.

ஈழத்தவர்கள் 2005-ல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகமும் என் பட்டியலில் உண்டு. எரிந்துபோன ஒரு நூலகத்தின் நினைவு இருப்பவர்கள் அவர்கள். பிரதி ஓரிடத்தில் மட்டும் இருக்கக் கூடாது என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொடுப்பவர்கள் பெரும்பாலும் சிறு தொகைக்காரர்கள். சிறு தொகைக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பது அதில் உள்ள பெரிய வசதி. பணம் நிறைய இருக்கிறவர்களும் நினைத்தால் செய்ய முடியும். ரிசர்வ் வங்கி 1981-லேயே தன் பழைய கோப்புகளுக்காகப் புனேயில் காப்பகம் வைத்துவிட்டது, டாடா குழுமம் 1991-ல் தொடங்கிய காப்பகமும் இப்போது அதே ஊரில்தான். லாபம் பார்க்கத் தெரிந்தவர்கள் பழைய காகிதத்தை எடைக்குப் போடவில்லை என்பதை எங்கள் இயக்குநர் குழுவில் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். "அவங்களுக்கு இடம் நிறைய இருக்கும் சார்" என்றார்கள்.

இனி பீரோ.

ரிக்கார்டு ரூமுக்கு வெளியே நடையில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், ஆளுயர இரும்பு பீரோ ஒன்று நின்றது. பெரியவர் காலத்திலேயே அதன் சாவி தொலைந்துவிட்டது. எப்போது கேட்டாலும் "தேடிப் பாக்கணும் தம்பி" என்பார். தொண்ணூறுகளில் தரைக்கு மொசைக் போட்ட கொத்தனார், பீரோவை நகர்த்த முடியாமல் அதைச் சுற்றியே போட்டுவிட்டுப் போனார். கால்கள் ஓர் அங்குலம் தரைக்குள். ஸ்கேன்காரர்கள் பூட்டியிருந்ததால் விட்டுவிட்டார்கள். டெம்போக்காரர்கள் அசையாததால் விட்டுவிட்டார்கள். விழாக் குழு அதன் கதவில் விழா அழைப்பிதழை ஒட்டியது. விழாவெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள், குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டப் பீரோவை அறுத்து எடுப்பது என்று தீர்மானமானபோது, பூட்டு ரிப்பேர் கடை பாயை அழைத்துவந்து திறந்தோம்.

1914 முதல் ஐம்பதுகளின் நடு வரைக்கும் தீர்மானப் புத்தகங்கள். யுத்த காலச் சரக்குப் பதிவேடுகள். உறுப்பினர் விண்ணப்பங்களில் பாதி, கைநாட்டு வைத்த பெண்களின் விண்ணப்பங்கள் உட்பட. எல்லாம் காடாத் துணியில், ஆண்டு எழுதி, வசம்பு வைத்து. பெரியவர் ஓய்வு பெறுவதற்கு முன் எதை எதை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டலாம் என்று யோசித்து வைத்திருக்கிறார் என்பது அடுக்கைப் பார்த்தாலே தெரிந்தது. சாவி உண்மையில் தொலைந்ததா என்று கேட்க அவர் இல்லை. நூறு வருடத்தில் எங்கள் ஆவணங்களுக்குக் கிடைத்த ஆகச்சிறந்த பாதுகாப்புத் திட்டம், ஒரு சாவியைத் தொலைத்தது. செலவு பூஜ்ஜியம்.

ஆனால் பீரோ திறந்தாகிவிட்டது. பூட்டியே வைக்கலாம் என்றால் பூட்டும் உடைந்துவிட்டது. பழையபடி பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று. கம்பெனிகளிடம் போக எனக்கு மனமில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனுக்கு நிதி திரட்டும் வித்தையைக் கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சோழர் காலத்தில் ஒருவர் கோயிலில் நந்தா விளக்கு வைக்க ஆசைப்பட்டால், விளக்கைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. 96 ஆடு விட வேண்டும். சில ஊர்களில் 90. ஆடுகளை ஓர் இடையர் பொறுப்பேற்று, தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு போகக் குட்டி வரும், மந்தையின் எண்ணிக்கை குறையாது. அதனால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்றே பெயர். விளக்கு கேப்பிட்டல், நெய் ரெக்கரிங். ஆயிரம் வருடத்துக்கு முன் ஆடு மேய்த்தவருக்குப் புரிந்த கணக்கு இது. இன்று நெய்க்கு யாரும் பணம் தருவதில்லை, விளக்குக்குத் தருகிறார்கள், அதுவும் தன் பெயர் பொறித்த விளக்கு.

ஓய்வுபெற்ற ஊழியர்கள் சிலர், வேலூருக்கு 'வெளியூர்' போன ஒரு குடும்பத்தின் பேத்தி, வெளிநாட்டில் இருக்கும் இன்னும் இரண்டு பேர் என்று சேர்ந்து ஒரு தொகை திரட்டி, எங்கள் சங்கத்திலேயே நிரந்தர வைப்பாகப் போட முடிவு செய்தோம். அசலைத் தொடக் கூடாது. வட்டியில், ஊர்க் கல்லூரியில் வரலாறு படித்த ஒரு பெண் வாரத்தில் சில மதியங்கள் வந்து கட்டுகளைத் தட்டி, பட்டியல் எழுதி, பக்கங்களைத் தன் போன் கேமராவில் படம் எடுத்து, கோப்புக்குப் புரிகிற பெயர் வைத்து மூன்று இடத்தில் சேமிக்க வேண்டும். முதுகை வெட்டக் கூடாது என்று எழுத்தில் போட்டோம். தலைவர் சம்மதித்தார். கல்வெட்டு உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் ஆர்வம் குறைந்து கையெழுத்துப் போட்டார்.

சிக்கல் வந்தது புதுச் செயலாளரிடம். சின்ன வயசுக்காரர், கம்ப்யூட்டரில் கணக்குத் தலைப்புகளை விரல் நுனியில் வைத்திருப்பவர்.

"சார், வட்டியை வரவு வச்சிடலாம். அந்தப் பொண்ணுக்குக் கொடுக்கறதை எந்தத் தலைப்புல எழுதறது? ஆவணப் பராமரிப்புன்னு ஒரு ஹெட்டே இல்லையே. புதுசா திறக்கணும்னா துணைப் பதிவாளர் ஆபீஸ் வரைக்கும் போகணும்."

"பூஜைச் செலவுத் தலைப்பு இருக்கா தம்பி?"

மானிட்டரைப் பார்த்தார். "இருக்கு சார். லிமிட்கூட யாரும் போடல."

இந்த வருடத் தணிக்கைக்கு வந்தவர் ரொம்பக் கறார் பேர்வழி. ஒவ்வொரு வவுச்சராகப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிமிர்ந்தார். ஆயுத பூஜை வருடத்துக்கு ஒருமுறைதானே வரும், இங்கே மாதா மாதம் வருகிறதே என்றார். செயலாளர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு, "பழைய சங்கம் சார். தோஷம் ஜாஸ்தி" என்றார்.

அவர் பச்சை மையில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.